கேட் மூட மறுத்தால்: சரிசெய்வதா, மாற்றுவதா, குறுக்கு வயர் போடுவதா?

செப்டம்பர் பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் எங்கள் வீட்டு ஆட்டோகேட் மூட மறுத்தது. ரிமோட்டை அமுக்கினால் ஒழுங்காகத் திறந்தது. மூடும்போதுதான் தகராறு. சில சமயம் அசையவே இல்லை. சில சமயம் ஒரு முழம் நகர்ந்து, நின்று, வந்த வழியே திரும்பிப் போனது. என் வீட்டுக்காரர் ஜொகூரில் வேலை செய்கிறார், மாதத்துக்கு இரண்டு முறைதான் வருவார். ஆக, முடிவெடுக்க வேண்டியது நான்தான்.

மூன்று பேரிடம் கேட்டேன். சென்சரைக் கழற்றிவிட்டு ஒரு குறுக்கு வயர் போட்டால் போதும், காசே வேண்டாம் என்றார் ஒருவர். சென்சர் ஜோடியைப் புதிதாக மாற்றுங்கள் என்றார் அடுத்தவர். மூன்றாமவர் மோட்டார் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய சிஸ்டம் டீச்சர், முழுசா மாத்திடுங்க" என்று 2,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கணக்குச் சொன்னார். முதலில் துடைத்துப் பாருங்கள் என்று மூவரில் ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் நானே கழற்றி, துடைத்து, அளந்து பார்த்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று புரிந்தால் போதும்.

எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா. எங்கள் பேச்சில் இன்னமும் அதன் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பாதி வீடுகள் தோட்டத்திலிருந்து வெளியேறி வந்த குடும்பங்களுடையவை. என் மாமியாரும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். லயத்தில் கேட் ஏது? சாயங்காலம் ஆனால் எல்லோரும் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பழக்கம் அத்தைக்கு இன்றும் போகவில்லை. 5 மணிக்கு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் கேட் வழியிலேயே போட்டு உட்காருவார். தெருப் பிள்ளைகள் அவரைச் சுற்றி ஓடுவார்கள். பந்து உள்ளே வரும், பின்னாலேயே ஒரு பிள்ளை வரும். எங்களுடையது பக்கவாட்டில் தள்ளிப் போகும் இரும்பு கேட், சில நூறு கிலோ இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு வழியையும் எடைபோட்டேன். உங்கள் வாசலில் யார் யார் நடமாடுகிறார்கள் என்பதை நீங்களும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

முதலில் அந்தச் சென்சர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கேட்டின் இரண்டு பக்கத் தூணிலும் எதிரெதிராக ஒவ்வொரு சின்னப் பெட்டி. ஒன்று அனுப்பும் கண், மற்றது வாங்கும் கண். அனுப்பும் கண்ணிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் துடித்துத் துடித்து வருகிறது. வாங்கும் கண் அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வழியில் ஆளோ காரோ பூனையோ வந்து கதிரை மறைத்தால், வாங்கும் கண்ணுக்குள் இருக்கும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச், திறந்துகொள்ளும். "வழியில் ஏதோ இருக்கிறது" என்று மோட்டாரை இயக்கும் போர்டுக்குப் புரியும். மூடிக்கொண்டிருந்த கேட் நின்று, திரும்பத் திறக்கும்.

இதில் நான் மிகவும் மதிக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. வழியில் எதுவும் இல்லாதபோது அந்த ரிலேயின் மின்சுற்று மூடியே, அதாவது இணைந்தே, இருக்கும். வயர் அறுந்தாலும், கரண்ட் போனாலும், கண் செத்தாலும், கண்ணாடியில் அழுக்குப் படிந்தாலும் சுற்று திறந்துவிடும். அதாவது சென்சருக்கு எந்தக் கோளாறு வந்தாலும் கேட் அதை "வழியில் ஆள் நிற்கிறார்" என்றுதான் எடுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் மூடாதே என்பதுதான் அதற்குப் போட்ட கட்டளை. ஆகவே மூட மறுக்கும் கேட் கெட்டுப்போன கேட் அல்ல. தனக்குச் சொன்னதை அது சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்கவும் இதுவே உதவுகிறது. திறக்கிறது, மூட மட்டும் மறுக்கிறது என்றால் பெரும்பாலும் சென்சர் பக்கம்தான் சிக்கல். திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை என்றால் ரிமோட் பேட்டரி, பிளக், ஃபியூஸ், கேட் எங்கே நிற்கணும் என்று சொல்லும் லிமிட் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில போர்டுகளில் திறக்கும்போதும் சென்சர் வேலை செய்யும்படி அமைத்திருப்பார்கள், ஆனால் வீடுகளில் அது குறைவு.

அமெரிக்காவில் வீட்டுக்கு முன்னால் கேட் இருப்பதைவிட கார் கொட்டகைக்கு மேல்நோக்கி ஏறும் கதவு இருப்பது வழக்கம். பிள்ளைகள் அந்தக் கதவுக்கடியில் சிக்கி இறந்த பிறகு அங்கே சட்டமே போட்டார்கள். 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார் ஒவ்வொன்றிலும், வழியில் ஆள் இருந்தால் கண்டுபிடிக்கும் இப்படிப்பட்ட கண்ணோ, தொட்டதும் திருப்பிவிடும் ரப்பர் விளிம்போ இருந்தே ஆக வேண்டும். அங்கே கண்ணைத் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேலே வைக்கக் கூடாது. தரையில் தவழும் பிள்ளையும் விழுந்து கிடக்கும் ஆளும் கதிரில் பட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த உயரம். நம் பக்கத்தில் பல வீடுகளில் இடுப்பு உயரத்தில் வைத்திருக்கிறார்கள், அது கார் பம்பருக்குச் சரி. 3 வயதுப் பிள்ளை குனிந்து பந்தெடுத்தால் கதிருக்கு அடியிலேயே போய்விடும். சென்சரே இல்லாத ஆட்டோகேட்டும் நம் ஊரில் நிறைய.

இனி அந்தக் குறுக்கு வயர். அதைச் சொன்ன பையன் கெட்டவன் இல்லை, என் பழைய மாணவனின் தம்பிதான். போர்டில் சென்சர் வயர் வந்து சேரும் இரண்டு திருகுகளைக் காட்டினான். "டீச்சர், இது ரெண்டையும் ஒரு துண்டு வயரால சேர்த்துட்டா போதும். கேட் ஓடும்" என்றான். உண்மைதான், ஓடும். 5 நிமிட வேலை. சென்சர் எப்போதும் "வழி காலி" என்று பொய் சொல்லிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அத்தை நாற்காலியில் இருந்தாலும் காலி, பிள்ளை குனிந்திருந்தாலும் காலி.

"எதிலாவது மோதினா மோட்டார் தானா நின்னுடும் டீச்சர்" என்றும் சொன்னான். பல மோட்டார்களில் அந்த வசதி இருப்பது நிஜம். ஆனால் மோதிய பிறகுதான் அது நிற்கும். எவ்வளவு அழுத்தம் வந்தால் நிற்க வேண்டும் என்பதைப் போர்டில் ஒரு சின்னத் திருகால் கூட்டிக் குறைக்கலாம். கேட் பழசாகி, சக்கரம் தேய்ந்து, தண்டவாளத்தில் மண் சேர்ந்து இறுகும்போது, வருகிறவர்கள் அந்தத் திருகைத்தான் கூட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் கேட்டில் அது எந்த அளவில் நிற்கிறது என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. பார்த்தபோது கிட்டத்தட்ட முழுதாகத் திருப்பியிருந்தது. அப்படிப்பட்ட கேட் 78 வயது மனுஷியின் மேல் மோதியபிறகு நிற்கும் என்று நம்பி நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க முடியாது.

குறுக்கு வயருக்கு நியாயமான இடம் ஒன்றே ஒன்று. அரை நிமிடச் சோதனை. பிளக்கைப் பிடுங்கி அந்த இரண்டு முனையையும் சேர்த்து, பிளக்கைத் திரும்பச் செருகி, வழியில் யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டை மூடிப் பார்க்கலாம். மூடினால் போர்டும் மோட்டாரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சென்சரிலோ அதன் வயரிலோதான் என்று அர்த்தம். மூடவில்லை என்றால் புது சென்சர் வாங்கியும் பயன் இல்லை. பார்த்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். பலர் வீட்டில் அந்தச் சோதனை வயர்தான் வருஷக்கணக்கில் நிரந்தரமாகிக் கிடக்கிறது. உங்கள் சென்சர் முன்னால் காலை நீட்டிப் பாருங்கள். கேட் கண்டுகொள்ளாமல் மூடினால், போர்டில் அந்த வயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, நாமே சரிசெய்வது. இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன், கொடுத்ததற்குப் பலனும் இருந்தது. ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பு: போர்டு பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி இருந்தால் அதன் வயரையும் கழற்றுங்கள். பெட்டிக்குள் வரும் கரண்ட் 230 வோல்ட். சென்சருக்குப் போவது பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட்தான், அதில் கைவைக்கலாம். மோட்டாருக்கும் சுவருக்கும் இடையே உள்ள வயரில் கோளாறு என்று தெரிந்தால் உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட வேண்டும். மழை பெய்யும்போது எதையும் தொடாதீர்கள்.

எப்போது மறுக்கிறது என்று கவனிப்பதுதான் முதல் வேலை. ஒரு நோட்டில் மூன்று நாள் எழுதி வைத்தேன். காலை 7.30 முதல் 8.30 வரை கட்டாயம் மறுக்கிறது. பகலில் பரவாயில்லை. முதல் நாள் மழை பெய்திருந்தால் மட்டும் பகலிலும் மறுக்கிறது. இரவில் எப்போதாவது. இந்தச் சில வரிகள் எனக்கு 2,000 வெள்ளியை மிச்சப்படுத்தியது.

இரவுக் கோளாறுக்குக் காரணம் பல்லி. தூண் விளக்குக்கு வரும் பூச்சியைப் பிடிக்க, சரியாக வாங்கும் கண்ணின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. விளக்கை வேறு பக்கம் மாற்றியதும் அது போய்விட்டது. சிலந்தி வலைக்கும் இதே கதைதான். அப்புறம் தூசி. எங்கள் தெரு வழியாகத்தான் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகின்றன; வெயில் காலத்தில் செம்மண் தூசியும் மழைக்காலத்தில் அதே மண் சேறாகவும் வந்து கண்ணின் முகத்தில் ஒட்டுகிறது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். தின்னர், மண்ணெண்ணெய் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அந்த பிளாஸ்டிக் மங்கிப்போனால் பிறகு எவ்வளவு துடைத்தாலும் தெளியாது.

காலைக் கோளாறு என்னை இரண்டு நாள் அலையவிட்டது. எங்கள் வீட்டு கேட் வடக்கு பார்த்தது. அப்படியென்றால் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குப் போகும் கதிர் கிழக்கு மேற்காக ஓடுகிறது. வாங்கும் கண் மேற்குத் தூணில் இருந்ததால், அது நேராகக் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. செப்டம்பரிலும் மார்ச்சிலும் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும். வாங்கும் கண் துடிப்பைத்தான் தேடுகிறது என்றாலும், நேர் வெயில் முகத்தில் அடித்தால் அது கூசிப்போகும், எதிர்ப்பக்கத் துடிப்பு தெரியாது. நமக்கு கார் விளக்கு முகத்தில் அடித்தால் எப்படியோ அப்படித்தான். சந்தேகத்தைத் தீர்க்க, மறுநாள் காலை பசியாறிவிட்டு என் கறுப்புக் குடையை எடுத்துப்போய், கதிரை மறைக்காமல் வாங்கும் கண்ணுக்கு மட்டும் நிழல் விழும்படி பிடித்தேன். ரிமோட்டை அமுக்கினேன். கேட் மூடியது. குடையை எடுத்ததும் திரும்ப மறுத்தது. கிழக்கு மேற்காகக் கதிர் ஓடும் வீடுகளில் எல்லோரும் முதலில் இந்தக் குடைச் சோதனையைச் செய்து பாருங்கள்.

கண்கள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். குப்பைத்தொட்டி இடித்தாலே ஒரு கண் சற்றுத் திரும்பிவிடும். பல மாடல்களில் வாங்கும் கண்ணில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். கதிர் கிடைக்கும்போது எரிவதும் உண்டு, கதிர் மறையும்போது எரிவதும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கதவு மோட்டார்களில் ஆட்டம் இல்லாமல் நிலையாக எரிந்தால் சரி, மினுக்கினால் நேராக இல்லை என்று வைத்திருக்கிறார்கள். விளக்கே இல்லாவிட்டால் காதை வைத்துக் கேளுங்கள். கையால் கதிரை மறைக்கும்போது வாங்கும் கண்ணுக்குள் "டிக்" என்று ரிலே சத்தம் கேட்க வேண்டும். அனுப்பும் கண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க கைப்பேசிக் கேமராவால் அதைப் பாருங்கள். பல கைப்பேசிகளில், முக்கியமாக முன்பக்கக் கேமராவில், மங்கிய ஊதா வெளிச்சம் தெரியும். சில கைப்பேசிகள் அந்த ஒளியை வடிகட்டிவிடும், ஆகவே தெரியாவிட்டால் உடனே செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். டிவி ரிமோட்டை அதே கேமராவில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்குப் பின் வந்த கோளாறு பெட்டிக்குள் இருந்தது. நான்கு திருகைக் கழற்றி வாங்கும் கண்ணின் மூடியை எடுத்தேன், எறும்பு கொட்டியது. வயர் நுழையும் ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. அந்த வழியாக எறும்பு வந்தது, அதே வழியாகத் தண்ணீரும் வந்தது. செம்பு வயரின் நுனி பச்சை பூத்துக் கிடந்தது. நுனியை வெட்டி, புதுச் செம்பு தெரியும்வரை தோலை உரித்து, திரும்ப முடுக்கினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பலத்த மழை. திரும்ப மறுத்தது. உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகையே அரித்துப் போயிருந்தது, வயர் நுனியை வெட்டியதால் மட்டும் தீராது என்று அப்போதுதான் தெரிந்தது.

கோளாறு கண்ணிலா வயரிலா என்று பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. இரண்டு கண்ணையும் தூணிலிருந்து கழற்றி, போர்டு பக்கத்திலேயே குட்டை வயரால் இணைத்து, எதிரெதிராகப் பிடித்துப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கண்கள் நன்றாக இருக்கின்றன, தரைக்கடியில் போகும் வயர்தான் கெட்டிருக்கிறது. எலி கடித்திருக்கலாம், குழாயில் தண்ணீர் நின்றிருக்கலாம். அங்கேயும் வேலை செய்யாவிட்டால் கண்ணை மாற்ற வேண்டியதுதான். போர்டிலிருந்து சென்சருக்கு வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பதும் இதோடு முடிந்துவிடும். இடி இடித்த மறுநாள் இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் செத்திருந்தால், கண்ணை வாங்க ஓடாமல் முதலில் போர்டில் உள்ள சின்ன ஃபியூஸைப் பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கை ஒட்டிய நம் பகுதி உலகிலேயே அதிகம் இடி விழும் இடங்களில் ஒன்று. வானம் கறுத்தால் கேட்டின் பிளக்கைப் பிடுங்கிவிடுவதை எங்கள் வீட்டில் இப்போது பழக்கமாக்கிக்கொண்டோம், பேட்டரி இருப்பதால் கேட் அதற்குப் பிறகும் ஓடும்.

சரி, துடைத்தும் நேராக்கியும் தீரவில்லை. அப்போது புது ஜோடி. எங்கள் ஊர்ப் பக்கம் எனக்குச் சொன்ன விலை 60 வெள்ளியிலிருந்து 150 வெள்ளி வரை. பொருத்துக் கூலி தனி. விலை வித்தியாசம் எதற்கு என்று பெட்டியில் பார்த்தால் ஐபி என்று ஓர் எண் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 54 என்றால் தூசி ஓரளவு புகும், தண்ணீர் தெறித்தால் தாங்கும். ஐபி 65 என்றால் தூசி புகவே புகாது, குழாயில் பீய்ச்சினாலும் தாங்கும். சாய்ந்து அடிக்கும் நம் மழைக்கும் செம்மண்ணுக்கும் இந்த வித்தியாசத்துக்காக 40, 50 வெள்ளி கூடக் கொடுப்பது வீண் இல்லை. எந்த எண் போட்டிருந்தாலும் வயர் ஓட்டையை சிலிகான் வைத்து அடைக்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வாங்கும் முன் உங்கள் போர்டு எத்தனை வோல்ட் கொடுக்கிறது என்றும், வாங்கும் கண்ணில் பொது முனையோடு என்.சி. (வழக்கமாக மூடியிருக்கும் சுற்று) என்று எழுதிய முனை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் பொருந்தினால் வேறு கம்பெனி சென்சரும் பெரும்பாலும் ஓடும். மேலே ஏறும் கார் கொட்டகைக் கதவு மோட்டார்களில் இது பெரும்பாலும் நடக்காது. அவை கண்ணிலிருந்து வரும் துடிப்பையே நேராகப் படிக்கும், அதே கம்பெனி ஜோடிதான் வேண்டும்.

வேறு வகைக்குத் தாவலாமா என்றும் யோசித்தேன். ஒரு பக்கம் மட்டும் கண், மறுபக்கம் வெறும் பிரதிபலிப்பான் என்று ஒரு வகை இருக்கிறது. ஒரு தூணுக்கு வயரே வேண்டாம், வழித்தடத்தை உடைக்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் பிரதிபலிப்பானில் தூசியோ ஈரமோ படிந்தால் சீக்கிரம் ஏமாந்துபோகும், லோரி ஓடும் தெருவுக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. அனுப்பும் கண் பேட்டரியில் ஓடும் வகையும் உண்டு. அதில் பேட்டரி தீர்ந்த அன்று கேட் மூடாது, யாராவது ஞாபகமாக மாற்ற வேண்டும். கேட்டின் விளிம்பில் ஒட்டும் ரப்பர் பட்டை நல்ல கூடுதல் காவல், கதிருக்கு மாற்றாக அல்ல.

முழு சிஸ்டத்தையும் மாற்றுவது எப்போது சரி? குறுக்கு வயர்ச் சோதனையிலும் கேட் மூடவில்லை, போர்டு இடியில் கருகிவிட்டது, அந்த மாடலுக்குப் போர்டே கிடைக்கவில்லை, மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்து சத்தம் போடுகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் நானும் மாற்றித்தான் இருப்பேன். போர்டு மட்டும் போயிருந்தால் போர்டை மட்டும் மாற்றலாம். 90 வெள்ளி சென்சருக்காக 2,000 வெள்ளி கேட்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சென்சரைத் தாண்டி என்ன கெட்டிருக்கு, காட்டுங்க." காட்ட முடிந்தால் யோசிக்கலாம்.

முடிவெடுக்கும்வரை கேட்டை எப்படி வைத்திருப்பது என்ற கவலையில்தான் பலர் அவசரப்பட்டு குறுக்கு வயருக்குச் சம்மதிக்கிறார்கள். அவசியம் இல்லை. பெரும்பாலான மோட்டார்களில் ஒரு சாவித் துளை இருக்கும். சாவி போட்டுத் திருப்பினால் மோட்டார் பிடி விட்டுவிடும், கேட்டைக் கையால் தள்ளலாம். நாங்கள் 8 நாள் அப்படித்தான் தள்ளினோம். மழையில் இறங்கித் தள்ளுவது சிரமம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். தானாக மூடும் வசதி, அதாவது திறந்து 20, 30 விநாடியில் யாரும் அமுக்காமலே மூடிக்கொள்ளும் வசதி உங்கள் கேட்டில் இருந்தால், சென்சரில் சந்தேகம் வந்த அன்றே அதை அணைத்துவிடுங்கள். மனிதக் கண் பார்க்காத நேரத்தில் மூடும் கேட்டுக்குக் காவல் அந்தச் சென்சர் மட்டும்தான்.

கடைசியில் நான் எடுத்தது புது ஜோடி, கூடவே இடமாற்றம். வாங்கும் கண்ணைக் கிழக்குத் தூணுக்கு மாற்றினால் அது மேற்கைப் பார்க்கும். மேற்கே பக்கத்து வீட்டு மாமரம் மாலை வெயிலை மறைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு சிக்கல் வந்தது. அனுப்பும் கண்ணுக்கு இரண்டு இழை வயர் போதும், வாங்கும் கண்ணுக்கு நான்கு இழை வேண்டும். கிழக்குத் தூணுக்குப் போயிருந்தது இரண்டு இழைதான். சிமெண்ட் தரையை உடைக்கணுமோ என்று பயந்தேன். குறுக்கு வயர் சொன்ன அதே பையன்தான் வழி காட்டினான். பழைய வயரின் ஒரு நுனியில் புது நான்கு இழை வயரைக் கட்டி, மறு நுனியிலிருந்து மெதுவாக இழுத்தான். பழையது வெளியே வர வர, புதியது குழாய் வழியாக உள்ளே போனது. நல்ல கைவேலைக்காரன். அந்தக் குறுக்கு வயர் யோசனையும் அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் பழக்கியது. ஏன் வேண்டாம் என்று அத்தையின் நாற்காலியைக் காட்டிச் சொன்னேன், கேட்டுக்கொண்டான். ஐபி 65 ஜோடி, வயர், கூலி எல்லாம் சேர்த்து 210 வெள்ளி ஆனது. கண்களையும் பழைய இடுப்பு உயரத்திலிருந்து கீழே இறக்கச் சொன்னேன். முட்டிக்கும் கீழே வந்துவிட்டது. சேறு கூடப் படும், அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும், அது பரவாயில்லை. அழுத்தத் திருகையும் குறைத்து, கேட் ஓடும் தண்டவாளத்தைக் கழுவிவிட்டோம்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் துடைக்கிறேன். துடைத்ததும் என் மகனின் பள்ளிப் பையைக் கேட் வழியில் கதிர் போகும் இடத்தில் வைத்து, ரிமோட்டை அமுக்குகிறேன். கேட் அசையக் கூடாது. பையை எடுத்துவிட்டுத் திரும்ப அமுக்கி, பாதி மூடும்போது ஒரு துடைப்பக் குச்சியைக் குறுக்கே நீட்டுகிறேன். நின்று திரும்ப வேண்டும். 2 நிமிடம் ஆகிறது. தேதியை மோட்டார் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவைக்கிறேன், அடுத்து வரும் வேலைக்காரருக்கும் அது உதவும்.

எதிர்வீட்டு கேட்டும் எங்களுடையதைப் போலவே தள்ளிப் போவதுதான், தானாக மூடும், சென்சர் கிடையாது. அந்த வீட்டு அக்காவிடம் போன வாரம் பேசினேன். அவர் போர்டிலும் சென்சருக்கான இரண்டு திருகு இருக்கிறது, இடையே ஒரு குறுக்கு வயர் பொருத்திய நாளிலிருந்தே கிடக்கிறது. வரும் சனிக்கிழமை இரண்டு தூணுக்கும் இடையே வயர் எவ்வளவு வேண்டும் என்று அளக்கப் போகிறோம். அதுவரை தானாக மூடுவதை அணைத்து வைத்திருக்கிறார்.